பளிங்குத் தொட்டி

பால் பண்ணைக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய, இலக்கியா நான்கு மாதமாகத் தொட்டியில் நுண்பாசி வளர்த்துவந்தாள். கழிவிலிருந்த சத்தைத் தின்று அது பச்சைப்பசேலென்று திரண்டிருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பார்வையிட வரவிருந்த காலையில் அவள் போய்ப் பார்த்தால், தொட்டி பளிங்காக இருந்தது. குளோரின் நெடி மூக்கைத் துளைத்தது.

“ஒரே பாசி புடிச்சு அசிங்கமா இருந்துச்சும்மா. நாலு மூட்டை பிளீச்சிங் பவுடரக் கொட்டி, நேத்தே எல்லாத்தையும் அள்ள வச்சுட்டேன்,” என்றார் மேலாளர் ஞானசிகாமணி. பெருமையில் அவர் முகம் மினுங்கியது.

சற்று நேரத்தில் அதிகாரி வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். “அடேயப்பா, அடி தெரியுதே! பாசின்னா சும்மாவா!” சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

“பாசி செத்துப்போச்சு சார். கழிவு கண்ணுக்குத் தெரியாம கரைஞ்சு அப்படியேதான் இருக்கு. இந்தக் குளோரினோட ஏரியில விட்டா ஒரு மீன் மிஞ்சாது,” என்றாள் இலக்கியா. அவள் குரல் கைதட்டலைத் தாண்டவில்லை.

“என்னம்மா முனகுற? ஃபாரத்த நிரப்பிக் கையெழுத்தப் போடு. தண்ணிய ஏரிக்குத் திறந்துவிடணும்,” என்று மேலாளர் பேனாவை நீட்டினார்.

அவள் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். ‘கழிவை உண்ணும் நுண்ணுயிரியின் பெயர்’ என்ற இடத்தில், ‘ஞானசிகாமணி, எம்.பி.ஏ.’ என்று முத்துமுத்தாக எழுதினாள். கையெழுத்துக்கான இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, படிவத்தை அதிகாரியின் கையில் கொடுத்தாள்.