திரும்ப உள்ளே போடும் அட்டை

ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வசன அட்டைகள் குடியிருந்தன. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, தெபோராள் தன் கையால் பைபிளின் சங்கீத வரிகளை எழுதிவைத்தவை. வருஷப் பிறப்பன்று வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுப்பார்கள்.

ஒரே ஒரு அட்டையில் மட்டும் வாக்குத்தத்தம் கிடையாது. ஆண்டவர் ஏன் இன்னும் பேசவில்லை என்ற கேள்விதான் இருந்தது. எடுத்தவர்கள் முகம் சுருங்கும். "வேற எடுத்துக்கறேன்" என்று அதைத் திரும்பப் போட்டுவிடுவார்கள். ஒருவர்கூட அதை முழுசாக வாசித்ததில்லை.

"நீ அடியிலேயே கிட அக்கா," என்றது, 'புல்லுள்ள இடங்களில் என்னை மேய்க்கிறார்' என்ற வரி எழுதிய புல்வெளி அட்டை. "நல்ல நாளும் அதுவுமா மேலே வந்து ஏன் முட்டுறே?"

"என்னையும் அவள்தானே எழுதினாள்?"

"ஏதோ ஞாபகத்தில் எழுதியிருப்பாள்."

அப்படித்தான் இருக்குமோ என்று கேள்வி அட்டைக்கும் வெகுநாளாகச் சந்தேகம்.

அந்த வருஷம் தெபோராள் இல்லை. வாசலில் யாரும் வந்து நிற்கவும் இல்லை. அவள் கணவர் பாக்கியநாதன் தனியாக டப்பாவைத் திறந்தார். புல்வெளி வந்தது. வாசித்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். மறுபடி கைவிட்டபோது கேள்வி அட்டை வந்தது.

அவர் விரல்கள் எப்போது தளரும் என்று அது காத்திருந்தது.

அவர் முதல் வரியை வாய்விட்டு வாசித்தார். பிறகு அடுத்த வரி. கடைசி வரி முடிந்ததும், ஆமென் சொல்லாமல் மறுபடி முதல் வரிக்கே வந்தார்.

"அக்கா, உன்னை இன்னும் உள்ளே போடலையா?" என்று டப்பாவுக்குள்ளிருந்து புல்வெளி கேட்டது.

"சத்தம் போடாதே," என்றது கேள்வி அட்டை. "ஜெபம் நடக்குது."