கீறல் விழுந்த மைக்ராஸ்கோப்

“நம்ம பல்கலைக்கழகத்திடமே ஆராய்ச்சி நிதி கேட்கலாம், ஆனால்…” என்று ஆய்வுக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற பழைய தராசு முன்பெல்லாம் ஏதோ சொல்லும். அந்த ‘ஆனால்’ வரைக்கும்தான் மருத்துவ ஆய்வுக்கூட மைக்ராஸ்கோப்புக்கு ஞாபகம். அதன் லென்ஸில் கீறல். புது லென்ஸ் வராவிட்டால் வெள்ளிக்கிழமை காயலான் கடைக்குப் போகவேண்டியதுதான். லென்ஸ் வாங்க நிதி கேட்டு, விண்ணப்பத்தோடு பல்கலைக்கழக ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பிடம் போனது.

“ஆராய்ச்சியோட முதற்கட்ட முடிவு எங்கேப்பா? நீ பார்த்ததைத் தெளிவா நாலு படம் எடுத்து இணைக்கணும்” என்றது ஸ்டாம்ப்.

“அண்ணே, தெளிவாத் தெரிஞ்சா நான் ஏன் லென்ஸ் கேட்கப்போறேன்?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. படம் இருந்தா முத்திரை குத்துறேன். இல்லேன்னா எடத்தைக் காலி பண்ணு.”

மைக்ராஸ்கோப் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி வெகுநேரம் யோசித்தது. பிறகு தன் கீறலையே நாலு கோணத்தில் படமெடுத்து, ‘இதுவரை யாரும் கண்டிராத கிருமி’ என்று எழுதி இணைத்தது.