சென்னை ஆள்

எடிட்டிங் என்ற சொல் காதில் விழுந்ததும் வாணியின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் கணவன் பூபதி விரல் மடக்கிக்கொண்டிருப்பான் என்று தெரியும்.

கேமரா. டிரோன். லைட். வண்டி. சாப்பாடு.

ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை சொல்லிக்கொண்டே வந்தவன், இந்த இடத்துக்கு வந்ததும் குரலை இறக்கினான்.

"அதுக்குன்னு எதுவும் போடறதில்லீங்க. அது வீட்டுக்காரி பண்றதுங்க."

கரூரில், மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு மூலையில் வாணியின் கம்ப்யூட்டர் மேசை. இன்னொரு மூலையில் பூபதி விலை பேசும் மேசை. எதிரே உட்கார்ந்திருந்தவர் நல்லசிவம். போர்வையும் திரைச்சீலையும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். அவருடைய கம்பெனியைப் பற்றி ஒரு படம் வேண்டும்.

வாணியும் பூபதியும் சேர்ந்து முன்பு சொந்தமாக ஒரு படம் எடுத்திருந்தார்கள். கடன் வாங்கி எடுத்த படம். சில விழாக்களில் கைதட்டினார்கள். தியேட்டர் கிடைக்கவில்லை.

அடுத்ததைக் கடன் இல்லாமல் எடுப்பது என்று முடிவு செய்துதான் இந்த அறையைப் பிடித்தார்கள். கம்பெனிகளுக்கும் கல்யாணங்களுக்கும் படம் செய்வது. வருவதில் ஒரு பங்கை எடுத்துவைப்பது.

ஆறு வருஷம். எடுத்துவைக்க எதுவும் மிஞ்சவில்லை.

எதிரில் இருப்பவர் எழுந்து போய்விடுவாரோ என்று பூபதிக்குப் பயம். முகம் சுளித்தாலே குறைத்துவிடுவான். டிரோன்காரன் குறைத்துக்கொள்ள மாட்டான். வண்டிக்காரன் கேட்கவே வேண்டாம். வாய் திறக்காமல் குறைத்துக்கொள்ள வாணி ஒருத்திதான் இருந்தாள்.

நல்லசிவம் தன் மச்சான் மகனிடம் நல்ல கேமரா இருக்கிறது, டிரோனும் இருக்கிறது, படம்பிடிப்பதை அவனே பார்த்துக்கொள்வான் என்றார்.

"எடிட்டிங் மட்டும் அம்மணி பண்ணிக் குடுக்கட்டும். அதுக்குத்தான் காசு இல்லைன்னுட்டீங்களே."

அவர் குரலில் கிண்டல் இல்லை. வியாபாரம்தான்.

பூபதி மடக்கியிருந்த விரல்களை விரித்தான்.

வாணி நாற்காலியைத் திருப்பினாள்.

"எடிட்டிங் மட்டும்னா ஒரு லட்சம் ஆகுங்க."

அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்லி முடித்தபோது, சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று தோன்றியது.

நல்லசிவம் சிரித்தார். அவளைப் பார்த்து அல்ல. பூபதியைப் பார்த்து.

பூபதியும் சிரித்தான்.

அவர் மட்டும் சிரித்திருந்தால் அவள் மறந்திருப்பாள்.

*

நல்லசிவம் பிறகு வரவில்லை.

பூபதி சண்டை போடவில்லை. தேடி வந்த வேலை கெட்டுப்போனது என்று போனில் யார் யாரிடமோ சொன்னான், அவளை அறையில் வைத்துக்கொண்டே. அவளிடம் ஒரே ஒரு தடவைதான் அந்தப் பேச்சை எடுத்தான்.

"உனக்கு விலை பேசத் தெரியல வாணி. நாளைக்கும் அவங்க மூஞ்சியில முழிக்கணும்."

அவள் திரைப்பக்கம் திரும்பினாள். ஒரு கல்யாண வீடியோ பாதியில் கிடந்தது. மணப்பெண் சிரிக்கும் இடங்களைத் தேடித் தேடிச் சேர்த்தாள்.

நிறைய இல்லை.

*

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் பள்ளித் தாளாளர் ஒருவர் படியேறி வந்தார். நடுவயதுப் பெண்மணி. பள்ளிக்கு வெள்ளிவிழா, அதற்கு ஒரு படம் வேண்டும் என்றார்.

பூபதி விரல் மடக்கத் தொடங்கினான். கேமரா, டிரோன், லைட், வண்டி.

எடிட்டிங் வந்தது. குரல் இறங்கவில்லை.

"அதை மட்டும் வெளிய குடுத்துத்தான் பண்றமுங்க மேடம். சென்னையில ஒரு ஆள். பெரிய படமெல்லாம் பண்ணினவர். லட்சத்துக்குக் கொறஞ்சு தொட மாட்டார்."

தாளாளர் முகம் சுளிக்கவில்லை. நல்ல ஆள் என்றால் அப்படித்தானே கேட்பார் என்று தலையாட்டினார். முன்பணம் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டே கைப்பையைத் திறந்தார்.

சென்னையில் அப்படி யாரும் கிடையாது, வெட்டி ஒட்டப்போவது தான்தான் என்று வாணிக்குத் தெரியும்.

அவள் கேட்ட அதே தொகை. ஒரு ரூபாய் குறையவில்லை.

காசோலையைக் கொடுத்துவிட்டு எழுந்த தாளாளர், மூலையில் இருந்தவளை அப்போதுதான் கவனித்தார். மரியாதைக்குச் சிரித்தார்.

"நீங்க இங்க என்ன வேலை பாக்கறீங்கம்மா?"

பூபதி முந்திக்கொள்வான் என்று வாணி காத்திருந்தாள். எப்போதும் அவன்தான் முந்துவான்.

அவன் காசோலையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான். அவளைப் பார்த்தான். ஏதாவது சொல், எதையாவது சொல் என்றது அந்தப் பார்வை.

அவள் கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இந்த மாசம் வரைக்கும் இங்கதாங்க மேடம் இருக்கேன். அப்புறம் சென்னை போறேன்."

நல்லதும்மா, அங்கே வாடகைதான் கொஞ்சம் அதிகம் என்றார் தாளாளர். வாசலில் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

கீழே கார் கிளம்பிப் போன பிறகும் பூபதி உட்காரவில்லை.