அடையாளம் தெரியாத மாணவி

டிராலிக்குள் இரண்டாவது காலையும் தூக்கி வைத்த பிறகுதான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரம்மாவுக்குப் பிரேக் பற்றிய யோசனை வந்தது.

அதற்குள் டிராலி நகர ஆரம்பித்துவிட்டது.

பல்கலைக்கழக மாணவர்கள் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்து, சரிவான அந்தத் தெருவில் ரேஸ் விடும் டிராலி அது. ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் எழுந்திருக்கும் முன்பே குடியிருப்போர் சங்கம் அதைப் பறிமுதல் செய்து, ஆதாரமாகத் தெருவின் உச்சியில் நிறுத்தியிருந்தது. சங்கத்தின் செயலாளர் அவள்தான். டிராலிக்குக் காவல் நின்றவளும் அவள்தான்.

போன மாதம் இதே போல ஒரு டிராலி அவளுடைய அண்ணியின் முழங்காலைப் பதம் பார்த்திருந்தது. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அண்ணி திட்டத் திட்ட, அந்தத் திட்டையெல்லாம் கௌரவமான பாஷையில் மனுவாக எழுதினாள் இவள். முன்னூறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை அதைத் துணைவேந்தரிடம் கொடுக்க ஏற்பாடு.

மற்றவர்கள் பாதித் தெருவில், நொறுங்கிய கேட் ஒன்றைப் போட்டோ எடுக்கப் போயிருந்தார்கள். தெருவில் வண்டி நடமாட்டமே இல்லை. அவள் கையில் பதாகை: ‘இது தெரு, விளையாட்டுத் திடல் அல்ல.’

ஆபத்து எவ்வளவு என்று தெரியாமல் மனு கொடுப்பது சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். உட்கார்ந்து மட்டும்.

முதல் வீடு மெதுவாகத்தான் போனது. இரண்டாவது வீடு கொஞ்சம் வேகமாக.

மூன்றாவது வீட்டைக் காணவே காணோம்.

சக்கரங்கள் கடகடவென்று அடித்துக்கொண்டதில் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. அடிவயிறு ஜில்லென்று மேலே ஏறித் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. ஐயோ என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வந்தது. ஐம்பத்து நான்கு வயதில், விக்கி விக்கி, மூக்கால் வேறு சத்தம் போட்டுக்கொண்டு, அப்படியொரு சிரிப்பு.

பாதித் தெருவில் சங்கமே திரும்பிப் பார்த்தது.

சட்டென்று பதாகையை முகத்துக்கு நேரே பிடித்தாள். காற்று அதை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டது. அதுவும் சரியாகத் தலைவரைக் கடக்கும்போது.

தலைவர் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கா கத்தினாலும் அதன்மேல் ஒரு தீர்மானம் போடுவார் என்பதால், தெருவில் அவருக்குப் பெயரே ‘தீர்மானம்’. ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார். இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

செருப்புக் காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து எப்படியோ வளைவைத் தாண்டினாள். தெருமுனையில் பெருக்கிக் குவித்திருந்த சருகுக் குவியலுக்குள் டிராலி போய்ச் சொருகி நின்றது.

பக்கத்து வாசலில் ஒரு மாணவி, வாயில் டூத்பிரஷ்ஷோடு, உறைந்துபோய் நின்றாள். பிறகு நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:

“அக்கா, செம!”

அக்கா! பத்து வருடமாக ஊருக்கே அவள் ‘அம்மா’. இவள் தலையிலிருந்து சருகைத் தட்டிவிட்ட அந்தப் பெண்ணின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, பின்சந்து வழியாக ஓடினாள். கால் தரையில் படவே இல்லை. சங்கத்தின் பின்னால் போய் நின்று, மூச்சு வாங்க, “என்ன ஆச்சு? வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள டிராலியைத் தூக்கிட்டாங்களா?” என்று கேட்டாள்.

மாலை நூலக அறையில் அவசரக் கூட்டம். நேரில் கண்டவர்கள் சொல்லச் சொல்ல, செயலாளர் எழுதவேண்டும்.

பதினெட்டு வயசுதான் இருக்கும் என்றார் பாட்டு வாத்தியார். அவருக்குக் கண் பவர் மைனஸ் ஐந்து. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். செம்பட்டை முடி என்றார் பேக்கரிக்காரர். அவருக்குக் கண்ணில் புரை. நம் பதாகையையே திருடிக்கொண்டு நம்மையே பார்த்துச் சிரித்தாளே என்று அண்ணி கொதித்தாள். அண்ணிக்குக் கண் நன்றாகத்தான் தெரியும். ஆனால் பதாகையைத் தவிர வேறொன்றும் கண்ணில் பட்டிருக்கவில்லை.

எல்லாவற்றையும் அவள் எழுதினாள். அண்ணியின் கால்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் மனசு குத்தியது. பதினெட்டு வயது என்று எழுதும்போது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கவேண்டியிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

கடைசியில் தலைவர் எழுந்தார். இவள் நோட்டுக்குள் குனிந்துகொண்டாள். போன வாரம்தான் அவருடைய கண்ணைச் சோதித்திருந்தாள். அட்டையின் கடைசி வரியைக் கடகடவென்று படித்த மனிதர்.

அவர் தொண்டையைச் செருமினார்.

“எழுதிக்குங்க. வயது சுமார் இருபது. அடையாளம் தெரியாத மாணவி. முகம் சரியாத் தெரியல.”

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

எல்லோரும் போன பிறகு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் அவர் வந்து நின்றார். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். கூட்டத்தில் பேசும் அதே குரல், கொஞ்சம் தணிவாக.

“வளைவுல காலைத் தேய்க்காதீங்கம்மா, வேகம் செத்துடும். உடம்பை வலது பக்கம் சாய்ச்சுடணும். நான் அப்படித்தான் போவேன்.”