முழு மாத்திரை

பிரஷர் பார்க்கும் பட்டையை அவர் புஜத்தில் சுற்றினேன். முழங்கைக்குக் கீழே எல்லாம் போர்வைக்குள் இருந்தது.

என் வீட்டுக்காரர் அப்படித்தான். என்னிடம் கையைக் கொடுப்பதென்றால் அவருக்குச் சொத்தையே எழுதிக் கொடுப்பது மாதிரி.

இருதய வார்டில் எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஆறு வாரத்துக்கு முன்பு இவர் மூச்சு முட்டி அங்கேயே வந்து படுத்தார். படுத்தவர், வேறு நர்ஸ்தான் வேண்டும் என்று ஒரே அடம். கூட வேலை செய்பவர்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். மானம் கப்பலேறியது.

அதற்கு ஒரு வருடம் முன்பே ஆரம்பித்த கதை இது. பார்சல் கொடுக்கும் வேலைக்குப் போய்விட்டு வந்தால், பைக் கையுறையைக் கழற்றாமலே டீவி பார்ப்பார். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஐம்பத்து மூன்று வயதில் நான் வேண்டாதவளாகிவிட்டேன். வேறு யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கேட்டுவிடலாம். ஆனால் இப்படிப்பட்ட இதயத்திடம் அதைக் கேட்கக் கூடாது என்று எனக்கே தெரியும். பிரஷர் ஒரு நிலைக்கு வரட்டும், அன்றைக்கே கேட்பது, ஆமாம் என்றால் அக்கா வீட்டுக்குக் கிளம்புவது. துணிகளைக்கூடத் தனியாக எடுத்து வைத்தாயிற்று.

டாக்டர் கொடுத்தது ரத்தக் குழாய்களை விரிக்கும் மாத்திரை. குழாய்கள் இறுகியிருந்தால் பலவீனமான இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும். அவை விரிந்தால் அதற்குப் பாரம் குறையும். ரத்தம் விரல் நுனிவரை போய்ச் சேரும். வார்டில் எத்தனையோ பேருக்கு இதை விளக்கியிருக்கிறேன். இவருக்கும் விளக்கினேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் தலைவலி. சட்டென்று எழுந்தால் தலைசுற்றல். அரை மாத்திரை முழு மாத்திரையாகி இன்றைக்குப் பத்தாவது நாள்.

மிஷின் நூற்றுப் பத்துக்கு எழுபது என்றது. மூன்று நாளாக அதே கணக்கு. இதைவிட நல்ல நிலை வரப்போவதில்லை.

பட்டையைக் கழற்றினேன். எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே போர்வைக்குள்ளிருந்து அவர் கை வெளியே வந்தது. தயங்கித் தயங்கி என் கன்னத்தில் வந்து நின்றது.

வெதுவெதுப்பாக இருந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அழுகையும் கூடவே வந்துவிட்டது.

"யாருங்க அவ?" என்று கேட்டே விட்டேன்.

திருதிருவென்று விழித்தார். புரிந்ததும் சிரிக்கப் போய் இருமினார். கையை மட்டும் எடுக்கவில்லை.

"வார்டுல யாருக்காவது கை சில்லுனு ஆயிட்டா அந்த ஆளு ரொம்ப நாள் தாங்க மாட்டாரு, தொட்டாலே தெரிஞ்சிடும்னு நீதானே சொல்லுவ. எனக்கு ஒரு வருஷத்துக்கு மேலா சில்லுனுதான் இருந்துச்சு. அது உனக்குத் தெரிய வேணாம்னு நெனச்சேன்."

சாப்பாட்டு வேளையில் வார்டுக் கதை பேசுவது என் வழக்கம். அதை எத்தனை முறை பெருமையாகச் சொன்னேனோ, பாவி.

அவருடைய இன்னொரு கையையும் போர்வைக்குள்ளிருந்து இழுத்து வெளியே எடுத்தேன்.