உப்புநீரில் ஒன்பது ஆண்டுகள்

வேதாரண்யம் மின்மயானத்தில் கணவர் தருமையனின் சாம்பலை வாங்கிய அஞ்சம்மாளிடம் ஊழியர் ஒரு சீட்டையும் கொடுத்தார். எரித்தபோது எழுந்த கரியமில வாயுவைக் காற்றில் கலக்கவிடாமல், பூமிக்கு ஒரு கிலோமீட்டர் அடியில், பாறையில் ஊறிக்கிடக்கும் உப்புநீருக்குள் செலுத்தியிருந்தார்கள்.

"இது என்ன தேதிங்க?"

"அந்த உப்புத்தண்ணியில அவரு முழுசா கரையிற நாளும்மா. கம்ப்யூட்டர் கணிச்சது. ஒம்பது வருசம் ஆவும்."

சாம்பலை அன்றே கடலில் கரைத்தாள். மிச்சத்துக்காகக் காத்திருந்தாள்.

ஒன்பது ஆண்டு கழித்து, சீட்டில் இருந்த நாளில், மகள் பூங்கோதையோடு வாயு இறக்கிய இடத்தின் கண்காணிப்புக் கிணற்றுக்குப் போனாள். அங்கிருந்த பொறியாளர் திரையைப் பார்த்து எழுந்து நின்றார்.

"கரைஞ்சிட்டாரும்மா. கணிப்பு ஒருநாள்கூட தப்பல."

அஞ்சம்மாள் குனிந்து மண்ணில் உள்ளங்கையை வைத்தாள்.

"எம்மாம் பெரிய கடலு கீழ கெடக்கு!" என்றாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

பிறகு மகளிடம் சொன்னாள்: "இனிமே அப்பா படத்துக்கு மாலை போடலாம்டி."