உப்புத்தாள் மேடம்

"முதல்ல இந்தக் குழந்தையைத் தூக்கிட்டு வெளிய போங்க!"

மேடையில் பேசிக்கொண்டிருந்த சேர்மனே வாயை மூடிவிட்டார். ஹால் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

கத்தியது பின்வரிசையில், குழந்தைக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பர்ச்சேஸ் மேடம். அந்த மின்விசிறிக் கம்பெனி எந்தச் சாமான் வாங்கினாலும் அந்த அம்மா கையெழுத்துப் போடணும். சப்ளையர்கள் அவருக்கு வைத்த பெயர் உப்புத்தாள், மரம் தேய்க்கிற தாள். வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் தோல் உரிந்துவிடும்.

குழந்தை யாரைப் பற்றியும் கவலைப்படவில்லை. வீல் வீல் என்று கத்தியது. சேர்மனுக்காவது மைக் தேவைப்பட்டது.

"சாரி மேடம்... இத்தனை நேரம் நல்லாத் தூங்கிட்டுத்தான் இருந்தான். திடீர்னு என்னன்னே தெரியல." தாய்க்காரி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். வெட்கத்தில் காது சிவந்துவிட்டது.

"தாலாட்டெல்லாம் வெளிய போய்ப் பாடுங்க. சார், நீங்களும் கிளம்புங்க. அந்தப் பையை யாரு தூக்குவா, நானா?"

புருஷன்காரன் எழுந்து கும்பிட்டான். "மேடம், சேர்மன் பேசி முடிச்சதும் ஒரு வார்த்தை கேட்கணும்னுதான்..."

"போங்கன்னா போங்க!"

பால் புட்டி, துணி, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மூன்று பேரும் வெளியே வந்தார்கள்.

மின்விசிறிக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிறவர்கள் அவர்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். அவன் மிஷினில் அட்டை வெட்டுவான், அவள் மடித்து ஒட்டுவாள். குழந்தை ஒரு பெட்டியில் படுத்துத் தூங்கும்.

உற்பத்தியாளர் – சப்ளையர் மாநாடு, கட்டாயம் வரணும் என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. பிள்ளையை விட்டுவிட்டு வர ஆள் இல்லை. போன மாநாடு முடிந்த கையோடு பெட்டி விலையைக் குறைத்துவிட்டார்கள். இன்னொரு தடவை குறைத்தால் மிஷினை விற்றுவிட்டு, அவன் பழையபடி லாரியில் மூட்டை ஏற்றத்தான் போகணும். குறைக்காதீங்க என்று சேர்மன் காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம் என்றுதான் வந்திருந்தான்.

இப்போது காலும் இல்லை, சேர்மனும் இல்லை.

"பால் கொடுத்துட்டு உள்ள வான்னு சொன்னேன்ல?"

"கொடுத்தேங்க. வயிறு முட்டக் குடிச்சான்."

"அப்புறம் எதுக்கு அப்படிக் கத்தினான்?"

"எனக்கென்னங்க தெரியும்? சேர்மன் பேசினது இவனுக்குப் புரிஞ்சிடுச்சோ என்னவோ."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் போய் ஹால் கதவைத் தள்ளினான். வாட்ச்மேன் குறுக்கே கையை நீட்டினான்.

"குழந்தை அழுகையை நிறுத்திடுச்சுங்க. நான் மட்டும் போறேன்."

"மேடம் யாரையும் விடக்கூடாதுன்னுட்டாங்க சார். முக்கியமா உங்களை."

"பார்த்தியா? நம்ம மேல என்ன வன்மம் பாரு அந்த உப்புத்தாளுக்கு! ஒரு பிள்ளையைப் பெத்து வளர்த்திருந்தா தெரியும்."

"மெதுவாப் பேசுங்க. காதுல விழுந்தா இருக்கிற ஆர்டரும் போயிடும்."

உள்ளே கைதட்டல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வெளியே வந்தவர்கள் முகத்தைப் பார்த்தால், கைதட்டியவர்கள் மாதிரியே இல்லை. துக்க வீட்டிலிருந்து வருகிறவர்கள் மாதிரி வந்தார்கள்.

ஸ்பிரிங் சப்ளை செய்கிறவர் நேராக இவர்களிடம் வந்தார்.

"என்னண்ணே ஆச்சு?" என்றான் பெட்டிக்காரன்.

"என்ன ஆகும்? நாமெல்லாம் ஒரே குடும்பம்னாரு சேர்மன். அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. முதலாளி குடும்பம்னு ஆரம்பிச்சா, நம்ம பங்குல கை வைக்கப் போறாருன்னு அர்த்தம். அதே மாதிரி, பத்து பர்சென்ட் விலை குறைக்கச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்கன்னாரு."

"நீங்க தூக்கினீங்களா?"

"தூக்காம? கேமராவை மூஞ்சிக்கு நேரா வச்சிருக்காங்கப்பா. நான் ரெண்டு கையையும் தூக்கிட்டேன். ஒண்ணு மறைஞ்சு போய், இவன் தூக்கலைன்னு சொல்லிட்டா?"

பெட்டிக்காரன் பையைக் கீழே போட்டான். "பத்தா? அப்போ எங்க கதையும் முடிஞ்சுது."

அந்த நேரம் பார்த்து மேடம் வெளியே வந்தார். கையில் போன், அதில் எல்லோரும் கை தூக்கியபோது எடுத்த போட்டோ.

"மேடம்," அவன் குறுக்கே போய் நின்றான். "எங்க பெட்டிக்கும் அதே பத்துதானா?"

மேடம் போட்டோவைப் பெரிதாக்கி, வரிசை வரிசையாக நகர்த்திப் பார்த்தார்.

"கை தூக்கினவங்களுக்குத்தான் புது விலைன்னு சேர்மன் சொல்லிட்டாரு. நீங்க இதுல எங்கயும் காணோமே. இல்லாத கைக்கு நான் எப்படி சார் விலையைக் குறைக்கிறது? பழைய விலைக்கே பெட்டியை அனுப்புங்க."

அவன் சட்டென்று இரண்டு கையையும் கூப்பினான். 

"அட, எனக்கும் ஒரு கைப்பிள்ளை இருந்திருக்கக் கூடாதா!" என்று தலையில் அடித்துக்கொண்டே நகர்ந்தார் ஸ்பிரிங்காரர்.

மேடம் குழந்தையிடம் குனிந்தார். அதுவரை பொக்கை வாயைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது, அவர் முகத்தைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கி வீலென்று அலறியது.

மேடம் அதன் தொடையை மெல்லத் தடவிக் கொடுத்தார். பிறகு தாய்க்காரிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கோவிச்சுக்காதடா தங்கம். அத்தை கொஞ்சம் பலமாவே கிள்ளிட்டேன்."